கல்குடாப் பக்கம் 20 பேர்ச்சஸ்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற ஆண்டின் இறுதியில் வந்த புயல் மழைக்கும் மண்சரிவுகளுக்கும் பிறகு, மலையை விட்டு இறங்கிக் கிழக்குக் கரையில் ஒரு துண்டுக் காணி வாங்கலாமா என்று கேட்டு வரும் கடிதங்கள் கூடியிருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது முதல் லயத்திலேயே காலம் போய்விட்டது. சேமலாப நிதியும் கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பியதுமாக 12 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில், கல்குடாவுக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமமொன்றில், அந்தத் தொகைக்கு 20 பேர்ச்சஸ் காணி இருப்பதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் காட்டினார். அதில் பிரதேச செயலகத்தின் முத்திரை இருக்கிறது. 2 லட்சம் முற்பணம் கொடுத்தால் முத்திரை ஒட்டிய தாளில் எழுதித் தருவாராம். கொடுக்கலாமா, ஐயா?
(ஒரு வாசகர், ராகலை)

பதில்: கொடுக்க வேண்டாம். காணி நல்ல காணியாகவும் தரகர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, அந்தப் பிரதேச செயலக முத்திரை. உங்களுக்கு நம்பிக்கை தந்தது அதுதான் என்று தெரிகிறது. எனக்குச் சந்தேகம் தந்ததும் அதுவே. தனியார் காணியின் உறுதியில் நொத்தாரிசின் கையொப்பமும் முத்திரையும், இரண்டு சாட்சிகளின் கையொப்பங்களும், காணிப் பதிவகத்தில் பதிந்ததற்கான குறிப்பும் இருக்கும். பிரதேச செயலாளருக்கு அங்கே வேலை இல்லை. அவருடைய முத்திரை உள்ள தாள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அரச காணியில் குடியிருக்கவோ பயிரிடவோ ஒருவருக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரமாக, அதாவது ஊரில் பெர்மிட் என்று சொல்கிறார்களே, அதுவாக இருக்கும். இல்லாவிட்டால் அதற்கு அடுத்த படியாக, நிபந்தனைகளோடு காணியை வழங்கும் அளிப்புப் பத்திரமாக இருக்கும். பெர்மிட் காணியின் சொந்தக்காரர் அரசாங்கம்தான். பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன்சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அளிப்புக் காணிக்கும் அந்தச் சம்மதம் வேண்டும், அது இல்லாமல் எந்த நொத்தாரிசும் உறுதியை அத்தாட்சிப்படுத்தக் கூடாது. இப்படிப்பட்ட காணியைக் கைக்கடிதத்தில் வாங்கி, கல்வீடும் கட்டி, பத்து வருடம் கழித்துப் பெர்மிட்காரரின் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்ட மகன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் விஷயத்தை அறிந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அரச காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை என்று, அதாவது நெடுநாள் இருந்ததால் காணி எனக்குச் சொந்தம் என்று, வழக்குப் பேச முடியாது. 10 வருட ஆட்சி என்பது தனியார் காணிக்கு மட்டுமே உரிய கணக்கு.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக மண்ணிலேயே கிடந்தும் அந்த மண்ணில் ஒரு பிடிக்குக்கூடத் தாள் இல்லாமல் வாழ்ந்தவர்கள் நாம். ஆகவே முத்திரை குத்திய எந்தத் தாளைக் கண்டாலும் அதை உறுதி என்று நம்பிவிடுகிறோம். தோட்டத்துரையின் கடிதம், தொழிற்சங்கம் போட்ட பெயர்ப்பட்டியல், பிரதேச சபையின் வரிச் சீட்டு எல்லாவற்றையும் ‘உறுதி’ என்று சொல்லிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு என் மேசையில் வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். வரிச் சீட்டு வரி கட்டியதைச் சொல்லும்; காணி யாருடையது என்று சொல்லாது.

இரண்டாவது, முத்திரை ஒட்டிய தாள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி, பின்னொரு நாளில் விற்பதாகச் சொல்லும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டிருந்தால்தான் காணியைப் பொறுத்துச் செல்லும். முத்திரையை எத்தனை ஒட்டினாலும் கைச்சீட்டு அதற்கு ஈடாகாது. தரகர் நாளைக்கு இதே காணியை இன்னொருவருக்குக் காட்டினால், கொடுத்த 2 லட்சத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் பேசலாமே தவிர, காணியைக் கேட்க உங்களுக்கு வழி இருக்காது.

அது உண்மையான உறுதிக்காணியாகவே இருந்தால், அந்த மாவட்டத்தில் தொழில் செய்யும், விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத நொத்தாரிசு ஒருவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். தரகர் தன் செலவில் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். அவர் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குக் குறையாமல் பின்னோக்கித் தேடி, யாரிடமிருந்து யாருக்குக் காணி வந்தது என்று ஒவ்வொரு படியாக உங்களுக்கு எழுதித் தர வேண்டும். பதிவேட்டுப் பிரதி கைக்கு வந்ததும் அதை நீங்களும் வாசியுங்கள். மருந்துச் சீட்டைப் போலப் பயப்பட வேண்டிய தாள் அல்ல அது. ஒரு வரியில் கொடுத்தவர் பெயர், எடுத்தவர் பெயர், உறுதியின் இலக்கமும் திகதியும், எழுதிய நொத்தாரிசு என்று வரிசையாக இருக்கும். மேல் வரியில் எடுத்தவராக இருப்பவர் அடுத்த வரியில் கொடுத்தவராக வர வேண்டும். இடையில் ஒரு பெயர் விட்டுப் போயிருந்தால், அந்த இடைவெளியில் ஒரு மரணமோ, ஒரு சகோதரியின் சீதனமோ, ஒரு சண்டையோ இருக்கிறது என்று பொருள். அடைக்காத ஈடு, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவையும் அதே தாளில்தான் தெரியும். கிழக்கு உறுதிகள் பெரும்பாலும் தமிழிலேயே எழுதப்பட்டிருப்பது நமக்கு ஒரு வசதி. பதுளையிலும் நுவரெலியாவிலும் சிங்கள உறுதியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் பெருவிரல் வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

யுத்த காலத்தில் உறுதி தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரட்டைப் பிரதியும் பதிவகத்துக்குப் போக வேண்டும். அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அந்தப் பிரதியை அவரே எடுத்துத் தரட்டும்.

தாள் சரி என்று தெரிந்த பிறகே தரைக்குப் போக வேண்டும். ராகலை உங்கள் ஊர் என்பதால், நுவரெலியாவில் ஏறினால் பதுளை, பிபிலை, மகாஓயா கடந்து செங்கலடிவரை ஒரே நெடுஞ்சாலைதான். ஒரு நாள் போதும். அனுமதி பெற்ற நில அளவையாளரைப் பழைய அளவைப் படத்தோடு கூட்டிப் போய், நான்கு மூலைக் கல்லையும் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவருக்காக இதே கரையில் ஒரு காணியை அளக்கப் போனோம். படத்தில் கிழக்கு எல்லைக் கல்லுக்கு அப்பால் கடற்கரை ஒதுக்கு என்று அழகாக எழுதியிருந்தது. அளவையாளரின் உதவியாள் நாடாவை இழுத்துக்கொண்டு கிழக்கே போனார், போனார், கடைசியில் சாரத்தை மடித்துக் கட்டினார். கல் கிடக்க வேண்டிய இடத்தில் ஈர மணலும் வேர் தெரியச் சாய்ந்த ஒரு தென்னையும்தான் இருந்தன. உறுதியில் 25 பேர்ச்சஸ். காலால் மிதிக்கக் கிடைத்தது 18. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பா வாங்கிய காலத்தில் 25 இருந்திருக்கிறது.

அளவில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். ஆகவே உங்கள் 20 பேர்ச்சஸ் 5,445 சதுர அடி, அதாவது 55 அடி அகலமும் 99 அடி நீளமும் கொண்ட ஒரு துண்டு. வடக்கிலிருந்து வந்த தரகர் ‘2 பரப்பு’ என்று சொன்னாலும் அதே அளவுதான்.

பணத்தைப் பொறுத்தவரை, 12 லட்சத்தையும் காணி விலைக்கே ஒதுக்க முடியாது. முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 12 லட்சத்துக்கு 47,000 ரூபாய் வரும், அது வாங்குபவர் தலையில் விழும். நொத்தாரிசு கட்டணமும் அளவையாளர் கட்டணமும் வேறு. வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யோசனை சொல்வார்கள். பிறகு வழக்கு என்று வந்தால் நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்க முடிவது அந்தக் குறைந்த தொகையை மட்டும்தான். உறுதி எழுதிய பின் பதிவைத் தாமதிக்க விடாதீர்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால், மோசடியிலோ கூட்டுச்சதியிலோ சம்பந்தப்படாமல் விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதிக்குத்தான் முன்னுரிமை. முதலில் எழுதியவர் நீங்கள் என்பது அங்கே உதவாது.

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். வாகரைப் பக்கம் கடலிலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் தூரத்தில் ஒரு காணி பார்த்தோம். உறுதியெல்லாம் சரி என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். ஓகஸ்ட் விடுமுறையில் போய்ப் பார்த்தோம், வெள்ளை மணல், நல்ல காற்று. வீடு கட்டி, பின்னால் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?
(ஓர் ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: காணி உங்களுடையதாக இருப்பதும் அதில் கட்டலாம் என்பதும் வேறு வேறு விஷயங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. உங்கள் காணி அதற்குள் வருகிறது. அங்கே வீடோ, மதிலோ, அறையோ கட்டுவதற்குப் பிரதேச சபையின் அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். களப்போ, ஆறோ பக்கத்தில் இருந்தால் கணக்கு இன்னும் நீளும்: கடலோடு எப்போதுமோ அவ்வப்போதோ தொடுக்கும் நீர்நிலையானால், வலயம் அதன் வழியாக 2 கிலோமீற்றர்வரை உள்ளே போகும். கடலைப் பார்த்த பக்கத்தை மட்டும் அளந்து, பின்பக்கத்துக் களப்பை மறந்து வாங்கியவர்கள் உண்டு. வலயத்துக்குள்ளும் கரையை ஒட்டி ஒன்றும் கட்ட விடாத ஒதுக்குத் தூரம் ஒன்று உண்டு. அது இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே அளவைப் படத்தோடு திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், இந்தக் காணியில் எந்தக் கோட்டுக்குப் பின்னால் கட்டலாம் என்று எழுத்தில் கேளுங்கள். இதை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டும். வீட்டுக்கு ஓர் அனுமதி, வாடகை அறைக்கு வேறு கேள்விகள். இரண்டையும் ஒரே தடவையில் சொல்லிக் கேட்பதே நல்லது.

அடுத்தது, ஓகஸ்ட். நமக்கு மே, ஜூனில் தென்மேல் பருவமழை கொட்டி மலை நனையும் காலத்தில், கிழக்கில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே மழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரிவரை போகும். ஓகஸ்ட்டில் பார்த்த காணியை டிசம்பரில் ஒரு தடவை பாருங்கள். போக முடியாவிட்டால், பக்கத்து வீட்டுச் சுவரில் தரையிலிருந்து எத்தனை அடிவரை பழுப்புக் கோடு படிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோடு எந்தத் தரகரும் சொல்லாததைச் சொல்லும். மட்டக்களப்பில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டிக் களப்புத் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். வெட்டும்வரை தாழ்ந்த காணிகளில் தண்ணீர் நிற்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றியும் அந்த ஊர்க்காரரிடமே கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது, அதன் பிறகு யார் எந்தப் பக்கம் வீட்டை மாற்றிக் கட்டினார்கள் என்று கிழவிகள் கை நீட்டிக் காட்டுவார்கள்.

தண்ணீரைப் பற்றி மலைநாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித் தர மாட்டார்கள், ஏனென்றால் நமக்கு மலை ஊற்றிலிருந்து பீலித் தண்ணீர் சும்மா வந்தது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதாவது மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழே உப்பு வேகமாக ஏறிவிடும். பெரிய மோட்டார் வைத்து இழுத்தால் கிணறு உவர்த்துவிடும், உங்களுடையது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும். காணி பார்க்கப் போகும்போது பக்கத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பாருங்கள். செப்டெம்பரில் குடித்துப் பார்த்தால் இன்னும் நல்லது, அப்போதுதான் கிணறு உண்மையைச் சொல்லும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்பார்கள்; மணல் தரையில் அதைக் குறைக்கவே கூடாது. மேலே சொன்ன 20 பேர்ச்சஸ் போல 55 அடி அகலமான ஒரு துண்டானால், உங்கள் குழியை மட்டும் தள்ளி வைத்தால் போதாது, இரண்டு பக்கத்து வீடுகளின் குழிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அத்தோடு வாடகை அறைகள் இரண்டும் வந்தால் எங்கே வைப்பீர்கள் என்று காகிதத்தில் கீறிப் பாருங்கள்.

கடற்கரை மணலைக் கொங்கிரீட்டுக்குப் போட மேசன் ஆசை காட்டினால் இடம் கொடுக்காதீர்கள். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து வீங்கிக் கொங்கிரீட்டை வெடிக்கவைக்கும்.

கேள்வி: நிலாவெளியில் 15 பேர்ச்சஸ். ஆறு சகோதரருக்கும் தாயார் விட்டுச் சென்ற காணி. அவர்களில் ஒருவர் தன் பங்கை விற்கிறார். அவரும் கனடாவில் இருப்பதால் மச்சான்காரர் அற்றோர்ணித் தத்துவத்தில், அதாவது அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தில், ஒப்பமிடுவாராம். இப்போது அங்கே ஒரு குடும்பம் 20 வருடமாகக் குடியிருக்கிறது, ‘அவர்கள் எழும்பிவிடுவார்கள்’ என்கிறார்கள். விலை மலிவு.
(ஒரு வாசகர், மாத்தளை)

பதில்: மலிவுக்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பிரிக்கப்படாத ஆறில் ஒரு பங்கை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 2½ பேர்ச்சஸ் அல்ல, 15 பேர்ச்சஸின் ஒவ்வொரு மணலிலும் ஆறில் ஒன்று. அதைப் பிரித்தெடுக்க மற்ற ஐவரும் உடன்பட்டு உறுதி எழுத வேண்டும், அல்லது 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு வைக்க வேண்டும். பங்கீட்டு வழக்கு எத்தனை வருடம் போகும் என்று மாத்தளை நீதிமன்ற வாசலில் நிற்கும் யாரையும் கேளுங்கள். ஆறு பேரும் சேர்ந்து முழுக் காணியை விற்றால் பேசலாம்.

அற்றோர்ணித் தத்துவம் இந்த நாட்டில் பதியப்பட்டிருக்கிறதா, அதில் இந்தக் காணியை விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பொதுவாகத் தத்துவமும் அத்தோடு முடியும். ஆகவே ஒப்பமிடும் அன்று காலையில் கனடாக்காரரோடு நீங்களே முகம் பார்த்துப் பேசுங்கள். குடியிருக்கும் குடும்பத்தைப் பற்றி நான் அவ்வளவு இலேசாகச் சொல்ல மாட்டேன். தனியார் காணியில் 10 வருடத் தொடர்ச்சியான எதிர் ஆட்சி, அதாவது சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் குடியிருப்பது, அவர்களுக்கு உரிமை தரக்கூடும். யுத்தத்தால் காணியை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டமாகச் சிறப்பு ஏற்பாடு வந்தது. அது காணிக்காரருக்காக வந்தது, வாங்க வரும் உங்களுக்காக அல்ல. அவர்கள் எழும்பிய பிறகு, வெறுங்காணியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச்சஸ் வீட்டுக்காணியை விற்று, அந்தப் பணத்தில் கரையில் வாங்க முடியுமா?
(ஒரு தாய், பொகவந்தலாவை)

பதில்: உங்கள் கையில் இருப்பது உங்கள் பெயரில் பதியப்பட்ட உறுதியா, வீடு ஒதுக்கிய கடிதமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அம்மா. கடிதமானால் விற்க முடியாது, வாங்குபவரும் ஏமாறுவார். உறுதியானாலும், இத்தனை வருடத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று அதில் நிபந்தனை இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு கடைசிப் பக்கம்வரை வாசிப்பியுங்கள். மண்சரிவுப் பயத்தில்தான் விற்க நினைக்கிறீர்கள் என்றால், முதலில் கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு அந்த இடத்தைப் பார்வையிடச் செய்யுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைக் கண்ட நமக்கு அந்தப் பயம் இல்லாமல் இருக்காது. ஆனால் அபாயமுள்ள இடம் என்று அவர்கள் எழுதித் தந்தால், அது விற்பனைக்கான காரணம் அல்ல. மாற்றிடம் கேட்பதற்கான ஆதாரம்.

கேள்வி: கூடலூரில் குடியேறிய என் அண்ணன், இந்தியப் பிரஜை. அவரும் நானும் பாதிப் பாதி போட்டுத் திருக்கோணமலைப் பக்கம் காணி வாங்கி இரண்டு பேர் பெயரிலும் எழுத ஆசைப்படுகிறோம்.
(ஒரு வாசகர், அட்டன்)

பதில்: மலையகத் தமிழரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உங்கள் இருவரையும் இரண்டு நாட்டுக்காரர் ஆக்கியது, அதன் பலன் இங்கேயும் வருகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்குக் காணியைக் கைமாற்ற முடியாது. இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் உங்கள் அண்ணனுக்கு அது இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. முழுக் காணியையும் உங்கள் பெயரில் எழுதி, பாதி அண்ணனுடையது என்று வாய்ச்சொல்லில் வைத்திருந்தால், உங்கள் காலத்துக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் இடையில் அந்தச் சொல் நிற்காது. அண்ணன் தரும் பணத்தை வங்கி மூலம் கடனாகவே வாங்கி, கடன் என்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.